அஞ்சல்தலையும் அதன் உறையும்

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பள்ளிப் பருவத்தைக் கழித்த ஒரு தலைமுறையினரிடம் சிறுவயதுப் பொழுதுபோக்கு யாதென வினவினால், பந்தும் பட்டமும் கோலிக்குண்டும் போக, அஞ்சல்தலை திரட்டுதலைக் குறிப்பிடாதவர் சிலரே இருப்பர். அஞ்சல்தலை என்று இன்று எழுதுகிறோம். அன்று அதற்கு வழங்கிய பெயர் 'ஸ்டாம்பு' என்பதே. பழைய உறையிலிருந்து அதைக் கத்தரித்து, தண்ணீரில் ஊறவைத்து, பசை கரைந்ததும் மெல்ல உரித்து, பழைய நாளிதழின்மேல் பரப்பி உலர்த்தி, கணக்குப் புத்தகத்தின் நடுவே வைத்து அழுத்துவது ஒரு பெருங்கலையாகவே நடைபெற்றது. எல்வேத்தியா என்பது சுவிட்சர்லாந்து என்பதையும், மாகியார் என்பது அங்கேரி என்பதையும், சுவோமி என்பது பின்லாந்து என்பதையும் புவிநூல் ஆசிரியர் சொல்வதற்கு முன்னரே இச்சிறு தாள்கள் மாணவர்க்குக் கற்பித்துவிட்டன.

இதனைப் பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கிவிடுவோர் உளர். அவர்களோடு வழக்காடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. இவ்விளையாட்டில் வேடிக்கையும் உண்டு, வரலாறும் உண்டு. நம் நாட்டு வரலாற்றின் ஒரு பகுதி இதனால் காக்கப்பட்டதையும், மற்றொரு பகுதி இதனாலேயே அழிந்ததையும் எடுத்துரைப்பதே இங்குக் கருத்தாகும்.

அஞ்சல்தலையின் பிறந்தநாள் தெளிவாகத் தெரிந்த ஒன்று. ரோலண்டு ஹில் என்பாரின் சீர்திருத்தத்தின் பயனாக 1840ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள் இங்கிலாந்தில் ஒரு பென்னி மதிப்புள்ள கறுப்புத் தலை விற்பனைக்கு வந்தது. மே 6ஆம் நாள் முதல் அது செல்லுபடியாயிற்று. அதற்கு முன்னர்க் கடிதத்தைப் பெறுபவரே பெரும்பாலும் கூலி கொடுக்க வேண்டும். கூலியோ தொலைவுக்கேற்ப ஏறும். அனுப்புபவரே முன்கூட்டிச் சிறுதொகை செலுத்தினால் போதும் என்ற எளிய எண்ணந்தான் ஏழையின் கையிலும் கடிதத்தைச் சேர்த்தது. விக்டோரியா அரசியாரின் முகம் பொறித்த அத்தலையில் நாட்டின் பெயர் இல்லை. முதலில் வெளியிட்டவர்கள் என்பதால் அதற்குத் தேவை எழவில்லை போலும். இன்றுவரை பிரித்தானிய அஞ்சல்தலைகளில் நாட்டின் பெயர் இடம்பெறுவதில்லை. அத்தலைகளுக்குப் பல்விளிம்பும் கிடையாது. அஞ்சலகத்தில் கத்தரிக்கோல் கொண்டே வெட்டிக் கொடுத்தனர். கறுப்புத் தலையின்மேல் சிவப்பு மையால் அடித்த முத்திரையைத் துடைத்துவிட்டுத் தலையை மீண்டும் ஒட்டும் கெட்டிக்காரர்கள் தோன்றவே, 1841இல் தலையைச் சிவப்பாக்கி முத்திரையைக் கறுப்பாக்கினர். மனிதனின் சூழ்ச்சித்திறன் அரசாங்கத்தின் மதிநுட்பத்திற்கு எப்போதும் ஓரடி முன்னே நிற்பது இங்கும் கண்கூடு.

திரட்டுவோரும் உடனே தோன்றிவிட்டனர். 1841ஆம் ஆண்டு இலண்டன் 'டைம்ஸ்' நாளிதழில் ஓர் இளம்பெண் விளம்பரம் செய்தார். தம் ஒப்பனை அறையின் சுவர்களைப் பயன்படுத்திய அஞ்சல்தலைகளால் மூட வேண்டுமென்றும், ஏற்கெனவே 16,000 தலைகள் சேர்ந்துவிட்டனவென்றும், அன்பர்கள் மேலும் அனுப்பி உதவ வேண்டுமென்றும் அவர் கேட்டிருந்தார். அறிவுத்தேட்டம் எதுவுமின்றிச் சுவருக்குத் தாள் ஒட்டும் ஆசையில் தொடங்கிய இம்முயற்சிக்கு 1864இல் ஜோர்ஜ் எர்ப்பேன் என்ற பிரெஞ்சுக்காரர், கிரேக்கச் சொற்களை இணைத்து 'பிலாட்டலி' என்று பெயர் சூட்டினார். வரி விலக்கின்மீது விருப்பம் என்பது அதன் பொருள். அஞ்சல்தலை ஒட்டப்பெற்ற கடிதத்திற்குப் பெறுபவர் கூலி தரவேண்டியதில்லை என்பதையே அவர் அவ்வாறு சுற்றி வளைத்துச் சொன்னார்.

இத்துறையின் வேடிக்கைகள் பல. தென் அமெரிக்காவின் பிரித்தானிய கயானாவில் 1856இல் இங்கிலாந்திலிருந்து வரவேண்டிய தலைகள் வந்து சேராமையால், உள்ளூர்ச் செய்தித்தாள் அச்சகத்தில் அவசரமாகச் சில தலைகளை அச்சிட்டனர். அவற்றுள் ஒரு காசு மதிப்புள்ள சிவப்புத் தலை ஒன்றே ஒன்றுதான் எஞ்சியது. 1873இல் அதைத் தம் வீட்டுப் பழங்கடிதங்களுக்கிடையே கண்டெடுத்தவன் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன். மூலைகள் வெட்டுப்பட்டிருந்த அதை அவன் ஆறு ஷில்லிங்குக்கு விற்றுவிட்டான். அதே தாள் 2014இல் ஏறத்தாழ 95 இலட்சம் அமெரிக்க வெள்ளிக்கு ஏலம் போயிற்று. 2021இல் 83 இலட்சத்திற்கு விலை இறங்கியது. எடைக்கு எடை பார்த்தால் உலகில் இதைவிட விலைமிக்க பொருள் உண்டா என்று வியப்போர் உளர். இங்கிலாந்தின் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் இளவரசராக இருந்தபோது, 1904இல், மொரீசியசுத் தீவின் 1847ஆம் ஆண்டுத் தலை ஒன்றை 1,450 பவுனுக்கு வாங்கினார். எந்த மடையனோ அத்தலைக்கு அவ்வளவு கொடுத்தானாம் என்று அரண்மனை அலுவலர் ஒருவர் சொல்ல, அம்மடையன் தாமே என இளவரசர் மறுமொழி கூறியதாக ஒரு கதை வழங்குகிறது.

திரட்டுவோரினும் விந்தையானவர்கள் அஞ்சல் துறையைச் சோதித்துப் பார்த்தவர்கள். இலண்டனில் கணக்கராக இருந்த ரெஜினால்டு பிரே என்பார், அஞ்சல் துறையின் விதிநூலை வரிவரியாகப் படித்தார். விதி தடுக்காத எதையும் அனுப்பலாம் அல்லவா என்று எண்ணி, 1898 முதல் கிழங்கில் முகவரியைச் செதுக்கியும், முயலின் மண்டையோட்டில் தலையை ஒட்டியும், மேலுறை எதுவுமின்றித் தொப்பியையும் அனுப்பிப் பார்த்தார். எல்லாம் வந்து சேர்ந்தன. இறுதியில் தம்மையே பதிவு அஞ்சலில் தம் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டார். அமெரிக்காவில் 1913இல் பொதி அஞ்சல் தொடங்கியதும் பெற்றோர் சிலர் பிள்ளைகளையே அனுப்பத் தலைப்பட்டனர். 1914இல் ஐடகோ மாநிலத்தில் ஐந்து வயதுச் சிறுமியொருத்தி 53 காசுத் தலைகளுடன் பாட்டி வீட்டுக்குப் புகைவண்டியின் அஞ்சல் பெட்டியில் பயணம் செய்தாள். எடை 50 இறாத்தலுக்குட்பட்டிருந்ததால் விதிப்படி அதில் குற்றமில்லை! 1916இல் யூட்டா மாநிலத்தில் வங்கி ஒன்று கட்டுவதற்கு வேண்டிய செங்கற்கள் ஏறத்தாழ 80,000 பொதி அஞ்சலில் வந்தன. சரக்குக் கூலியைவிட அஞ்சல் கூலி மலிவாக இருந்ததே காரணம். அதன்பின் துறையினர் விதியைத் திருத்தினர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

பூட்டான் நாட்டினர் 1970களின் தொடக்கத்தில் இசைத்தட்டாகவே அஞ்சல்தலை வெளியிட்டதும், தொங்கா தீவினர் வாழைப்பழ வடிவில் வெளியிட்டதும், இந்திய அஞ்சல் துறை 2006இல் சந்தன மணம் கமழும் தலை வெளியிட்டதும் இவ்வரிசையைச் சார்ந்தவை. இவை கடிதத்திற்காகப் பிறந்தவையல்ல, திரட்டுவோரின் பணப்பைக்காகப் பிறந்தவை. ஆதலின் அவற்றை இம்மட்டோடு விட்டுவிடலாம்.

தமிழர்க்கு நெருக்கமான சிலவற்றையும் குறிப்பிட்டாக வேண்டும். திருவிதாங்கூர் அரசு தன் தபால் துறைக்கு 'அஞ்சல்' என்றே பெயரிட்டிருந்தது. நாம் இன்று பெருமையுடன் வழங்கும் சொல், மணி கட்டிய தடியோடு காட்டுவழி ஓடிய அந்நாட்டு அஞ்சலோட்டக்காரர்களோடு பிறந்து வளர்ந்த சொல்லாகும். சங்கு பொறித்த அவ்வரசின் தலைகள் 1888இல் வெளிவந்தன. அவற்றின் மதிப்பு சக்கரத்திலும் காசிலும் கணக்கிடப்பட்டது. பதினாறு காசு ஒரு சக்கரம். புதுச்சேரி, காரைக்கால் முதலிய பிரெஞ்சுப் பகுதிகளின் தலைகளில் 1923 முதல் 'பணம்', 'காசு' என்னும் நம் பழைய நாணயப் பெயர்களே பிரெஞ்சு எழுத்தில் திரிந்து 'பனோன்', 'காஷ்' என்று நின்றன. இருபத்து நான்கு காசு ஒரு பணம், எட்டுப் பணம் ஒரு ரூபாய் என்பது அங்குக் கணக்கு.

இனி நம் மண்ணுக்கு வருவோம். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் நீரிணைக் குடியேற்றங்கள் என்ற பெயரில் கல்கத்தாவின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த காலம் அது. 1854இல் இந்தியா முழுமைக்கும் பொதுவான அஞ்சல்தலைகள் வெளிவந்தபோது, இம்மூன்று ஊர்களிலும் அவையே புழங்கின. சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட கடிதத்திலும் அணாக் கணக்கில் அமைந்த இந்தியத் தலையே இருக்கும். அவ்வாறாயின், இன்று ஒரு பழைய இந்தியத் தலையைக் கையில் எடுத்தால் அது சென்னையில் ஒட்டப்பட்டதா, பினாங்கில் ஒட்டப்பட்டதா என்று எவ்வாறு அறிவது? அதன்மேல் விழுந்த முத்திரையே அதனைக் காட்டிக்கொடுக்கும். பி என்ற ஆங்கில எழுத்தின்கீழ் 109 என்றிருந்தால் அது மலாக்கா. 147 பினாங்கு. 172 சிங்கப்பூர். அழுக்குப் போலத் தோன்றும் அவ்வெண்தான் அத்தாளை நம் நாட்டு வரலாற்றில் சேர்க்கிறது.

இவ்வூர் வணிகர்களோ வெள்ளியில் கொடுக்கல் வாங்கல் செய்தனர். அரசாங்கக் கணக்கு ரூபாயில் நடந்தது. இரண்டுக்குமிடையே ஓயாத பூசல். கல்கத்தாவின் பிடியிலிருந்து விடுபட வேண்டுமென இங்குள்ள வணிகர்கள் நீண்டகாலம் குரலெழுப்பியதற்கு இந்நாணயச் சிக்கலும் ஒரு காரணம். 1867ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நீரிணைக் குடியேற்றங்கள் நேராகப் பிரித்தானிய முடியாட்சியின்கீழ் வந்தன. ஆட்சி மாறிற்று, நாணயம் மாறிற்று. ஆனால் புதிய அஞ்சல்தலைகள் வந்து சேரவில்லை. எனவே செப்டம்பர் முதல் நாள் இந்தியத் தலைகளின்மீதே ஒரு முடியையும் காசு மதிப்பையும் மேலச்சிட்டு வெளியிட்டனர். அரையணாத் தலை ஒன்றரைக் காசாயிற்று. ஓரணாத் தலை இரண்டு காசாகவும், மூன்று காசாகவும், நான்கு காசாகவும் மூவேறு பிறவி எடுத்தது. இவ்வாறு ஒன்பது வகை. கிழக்கு இந்தியா என்ற சொற்கள் அடியில் அப்படியே இருக்க, அவற்றின்மேல் புதிய முடி ஏறி அமர்ந்திருக்கும் அச்சிறு தாளைவிட அந்த ஆட்சி மாற்றத்தைச் சுருக்கமாக விளக்கும் ஆவணம் வேறு உண்டெனத் தோன்றவில்லை. அவ்வாண்டின் இறுதியிலேயே குடியேற்றங்களுக்கெனத் தனித்தலைகள் வந்துவிட்டன.

பின்னர் மலாய் மாநிலங்கள் தத்தம் தலைகளை வெளியிட்டன. பாயும் புலி பொறித்த தலைகளும், கெடா மாநிலத்தின் நெற்கதிர்க் கட்டும் உழவனும் பொறித்த 1912ஆம் ஆண்டுத் தலைகளும் திரட்டுவோர் நெஞ்சைக் கவர்ந்தவை. நீரிணைக் குடியேற்றங்கள் 1910இல் 500 வெள்ளித் தலை ஒன்றையும் வெளியிட்டன. எத்தகைய பொதிக்கு அத்துணைப் பெருந்தொகை ஒட்டுவது? பத்திரங்களுக்கான வரி செலுத்தவே அது பயன்பட்டது. பால்மரக் காட்டில் உழைத்த ஒருவர் தம் ஆயுளில் பல ஆண்டு ஊதியத்தைச் சேர்த்தாலன்றி அதைக் கண்ணாலும் கண்டிருக்க இயலாது. மலேசியா அமைந்தபின் 1965இல் ஆர்க்கிட் மலர்களும் 1971இல் வண்ணத்துப்பூச்சிகளும் வந்தன. படம் ஒன்றே, மாநிலத்தின் பெயரும் ஆட்சியாளரின் உருவும் அல்லது சின்னமும் மட்டும் வேறு. எனவே ஒரே மலரை மாநிலம் மாநிலமாகத் தேடி அலைந்த மாணவன், தன்னை அறியாமலே கூட்டாட்சி என்றால் என்ன என்பதைக் கற்றுக்கொண்டான்.

எனினும் இந்நாட்டு அஞ்சல்தலைகளுள் நெஞ்சை நிறுத்திப் பார்க்கவைப்பவை 1942க்கும் 1945க்கும் இடைப்பட்டவையே. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஒரு மாதத்திற்குள், மார்ச்சு 16ஆம் நாள், பிரித்தானிய மன்னரின் முகத்தின்மேல் சப்பானிய முத்திரை குத்திய தலைகள் விற்பனைக்கு வந்தன. அச்சிட நேரமில்லை. கையாலேயே குத்தினர். பினாங்கில் சப்பானிய அலுவலர்களான ஒக்குகாவா, உச்சிபோரி ஆகியோரின் சொந்தப் பெயர் முத்திரைகளே மன்னரின் நெற்றியில் விழுந்தன. மலாக்காவிலோ அரசாங்க முத்திரை மிகப் பெரிது. ஒரு தலையில் அடங்காமையால் நான்கு தலைகளைச் சேர்த்து அவற்றின் நடுவே குத்தினர். ஆகவே தனித்தலை ஒன்றைப் பார்த்தால் முத்திரையின் கால்பகுதிதான் தெரியும். 1943இல் அவர்களே படத்தலைகள் அச்சிட்டபோது, மலாயாவின் அடையாளமாகத் தேர்ந்தவற்றுள் ஒன்று பால்மரம் சீவும் காட்சியாகும். அத்தொழிலில் ஈடுபட்டிருந்த மக்களுள் பல்லாயிரவரைச் சயாம் மரண இரயில் பாதைக்கு ஏற்றிச்சென்ற அதே ஆட்சி, அதே ஆண்டில், அத்தொழிலை அஞ்சல்தலையில் அழகுற வரைந்து வைத்தது. இதனைக் கண்டு கசப்பின்றிப் பக்கத்தைப் புரட்டுவது எளிதன்று.

1943 அக்டோபரில் கெடா, பெர்லிசு, கிளந்தான், திரெங்கானு ஆகிய நான்கு மாநிலங்களும் சயாமிடம் ஒப்படைக்கப்பட்டன. சயாம் அவற்றுக்கென 1944இல் பாங்காக்கு நினைவுத்தூண் பொறித்த தலைகளை வெளியிட்டது. 1945இல் பிரித்தானியர் மீண்டபோது, பழைய தலைகளின்மேல் இராணுவ நிருவாகத்தின் எழுத்துகள் ஏறின. கெடாவில் ஒரே அஞ்சலகத்தின் பலகணி வழியாக நான்கே ஆண்டுகளில் சுல்தான், சப்பான், சயாம், பிரித்தானிய இராணுவம் என நான்கு அதிகாரங்களின் தலைகள் மாறிமாறி வந்தன. ஆனால் இந்தியாவுக்குக் கடிதம் போகும் வழி அந்நாட்களில் அடைபட்டுக் கிடந்தது. எத்தலையை ஒட்டினாலும் நாகப்பட்டினத்திற்குக் கப்பல் இல்லை. தஞ்சையிலும் திருச்சியிலும் சேலத்திலும் இருந்த உற்றார், மலாயா சென்றவர் உளரா இலரா என்பதறியாது ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். அக்காத்திருப்புக்கு அஞ்சல்தலை எதுவும் சான்று கூறாது.

அதே காலத்தில் ஒட்டப்படாமலே போன தலைகளும் உண்டு. விடுதலை இந்தியாவுக்கென 'ஆசாத் இந்து' தலைகள் 1943இல் பெர்லின் அரசாங்க அச்சகத்தில் அச்சிடப்பெற்றன. ஏர் உழும் உழவன், இராட்டை சுற்றும் பெண், காயமுற்ற வீரனுக்குத் துணைநிற்கும் செவிலி, அறுபட்ட சங்கிலியுடன் இந்திய வரைபடம் முதலிய காட்சிகள் அவற்றில் இருந்தன. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் சுபாசு சந்திர போசு தற்காலிக அரசாங்கத்தைச் சிங்கப்பூரில் அறிவித்தார். மலாயாத் தமிழர் தம் நகைகளையும் பிள்ளைகளையும் அவ்வரசுக்கு அளித்தனர். அரசும் இருந்தது, தலைகளும் இருந்தன. தலைகள் இருந்ததோ செருமனியில். ஒரு கடிதத்தைக்கூட அவை சுமந்ததில்லை. இன்று அவை திரட்டுவோர் ஏடுகளில் மாசுமறுவின்றிப் புத்தம்புதியனவாகத் துலங்குகின்றன. பயன்படாமையே அவற்றின் அழகுக்குக் காரணம் என்பது எத்துணைத் துயரமானது!

இதுகாறும் கூறியவை திரட்டுவோரால் காக்கப்பட்டவை. அவர்களால் அழிந்ததும் ஒன்று உண்டு. அது உறை.

முன்னே கூறிய நீராட்டுச் சடங்கை நினைவுகூர்க. தலையைக் கத்தரித்தபின் உறை எங்கே போயிற்று? குப்பைக்கு. தண்ணீரில் கரைந்தது பசை மட்டுமன்று. அஞ்சலகத்தின் பெயரும் நாளும் பொறித்த முத்திரையில் பாதி கத்தரிக்கோலுக்கு இரையாயிற்று. அனுப்பியவர், பெற்றவர், தோட்டம், சிற்றூர், கையெழுத்து அனைத்தும் உறையோடு ஒழிந்தன. அத்தலையை ஏட்டில் ஒட்டிய சிறுவனுக்கு அது பேராக்குத் தலை என்பது தெரியும். அது சித்தியவானிலிருந்து சென்றதா, சுங்கை சிப்புட்டிலிருந்து சென்றதா என்பது இனி எவருக்கும் தெரியாது. மலாக்காவின் கால்பங்கு முத்திரைபோல் வரலாற்றின் கால்பங்கே மிஞ்சியது.

செட்டியார் கடைகளின் கடிதங்கள் இவ்வகையில் நற்பேறு பெற்றவை. கணக்கில் கண்ணான அவ்வணிகர்கள் பினாங்கிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் சென்ற கடிதங்களை உறையோடு கட்டிக் காத்தனர். பிற்காலத்தில் அவ்வீடுகளிலிருந்து வெளிவந்த உறைகள் இன்று உலகெங்கும் உள்ள திரட்டுவோரிடையே விலைபோகின்றன. தமிழ் படிக்கத் தெரியாத அயல்நாட்டார்கூட அவற்றைப் போற்றி வைத்திருக்கின்றனர். தலையை அவர்கள் படிப்பர். முத்திரையைப் படிப்பர். முகவரிக்கு அருகே தமிழில் எழுதியதை யாரேனும் படித்துச் சொல்ல மாட்டார்களா என்று காத்திருப்பர்.

தோட்டத்து மக்களின் கடிதங்களுக்கு அந்நற்பேறு வாய்க்கவில்லை. லயத்து வீட்டில் இரும்புப் பெட்டியைத் தவிர வேறு காப்பிடம் ஏது? கறையான் தின்றது போக, இடமாற்றத்தில் தொலைந்தது போக, தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது விட்டுச் சென்றது போக, எஞ்சிய உறைகளின் மூலையில் தலையிருந்த இடம் சதுர ஓட்டையாக இருக்கும். ஓட்டை போட்டவன் அவ்வீட்டுப் பிள்ளையே. அவனைக் குறைகூறுவதற்கில்லை. தலைக்கு விலை உண்டென்று அவனுக்குச் சொல்ல ஏடுகளும் கடைகளும் இருந்தன. உறைக்கு விலை உண்டென்று சொல்ல எவரும் இருந்ததில்லை.

அவ்வுறைகளில் எழுதியிருந்த கை யாருடையது என்பதும் ஆராயத்தக்கது. எழுத்தறியாதோர் மிகுந்திருந்த அந்நாளில், ஊருக்குக் கடிதம் எழுத வேண்டுமாயின் மாலை வேளையில் தமிழ்ப்பள்ளி ஆசிரியரையோ, தோட்டத்துக் கிராணியையோ நாடுவர். தாய் நலமா, நிலம் மீட்கப்பட்டதா, தங்கைக்கு வரன் அமைந்ததா என்று ஒருவர் நின்றுகொண்டே சொல்ல, மற்றவர் அமர்ந்து எழுதுவார். மறுமொழி வந்தால் படித்துக் காட்டுபவரும் அவரே. எனவே 1930களில் ஒரு தோட்டத்திலிருந்து சென்ற நூறு கடிதங்களில் நூறு குடும்பத்தாரின் செய்தி இருந்தபோதிலும், கையெழுத்து ஒருவருடையதாகவே இருக்கக்கூடும். அவ்வாசிரியர் நூல் எதுவும் எழுதி வெளியிட்டிருக்க மாட்டார். அவர் எழுதிய உரைநடை முழுவதும் ஆறு காசு, எட்டுக் காசுத் தலைகளின் பக்கத்தில் பிறர் பெயரால் கடல் கடந்து சென்றது. 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் இக்கடலில் ஓடிய 'ரஜூலா' கப்பல் ஆட்களோடு அஞ்சல் பைகளையும் சுமந்தது. நாகப்பட்டினத்தில் இறங்கிய பைகளிலிருந்து பிரிந்து கீழத்தஞ்சைச் சிற்றூர்களுக்குச் சென்ற உறைகள் அங்குள்ள வீடுகளின் பரண்மேல் இன்னும் சில இருக்கக்கூடும். அங்கேயும் ஒரு பேரப்பிள்ளை கத்தரிக்கோலோடு ஏறாதிருந்தால், மூலையில் பாயும் புலியும், குறுக்கே அஞ்சலகத்தின் பெயரும், நடுவே மலாயாத் தமிழாசிரியர் ஒருவரின் கோணலற்ற கையெழுத்தும் ஒருங்கே காணக்கிடைக்கும்.